கல்லூரி வாசலில் ஹெலன் கெல்லர்

மேல்நிலை வகுப்பில் காலடி எடுத்து வைத்த நாளிலிருந்து எங்களை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே கேள்வி. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றாலும் அதே கேள்வி. அடுத்து எந்தக் கல்லூரி என்பதுதான் அது. அப்பா பாடப்பிரிவையும் கட்டணத்தையும் விசாரிக்கிறார். அம்மா விடுதியையும் அங்கே போடும் சாப்பாட்டையும் விசாரிக்கிறார். நாங்களோ, யார் யார் கூட வரப்போகிறார்கள் என்பதையே எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். படிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது; தோழமை இன்னொரு பக்கம் இழுக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி தமிழ் ஆசிரியை எங்களைப் பணித்தார். நூலகச் சகோதரி ஹெலன் கெல்லர் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், இதுதான் எங்களுக்குத் தெரிந்த கதையாயிற்றே என்று முதலில் முகம் சுளித்தோம். சிறு வகுப்பிலேயே பாடமாகப் படித்திருக்கிறோம். கண் தெரியாத, காது கேளாத ஒரு சிறுமி. அவளுக்கு வாய்த்த ஓர் ஆசிரியை. நீர் இறைக்கும் குழாயின் கீழ் ஒரு கை. மற்றொரு கையில் எழுதப்பட்ட ஒரு சொல். அத்துடன் பாடம் முடிந்துவிடும்; கேள்வி பதில் தொடங்கிவிடும். ஆனால் அந்தக் குழாயடி நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. எங்களைப் போலவே அவரும் ஒரு நாள் எந்தக் கல்லூரி என்ற கேள்வியின் முன் நின்றார். பாடப் புத்தகம் சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியையே இங்கே சொல்லப் போகிறோம்.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹெலன் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்ற சிற்றூரில் பிறந்தாள். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கடும் காய்ச்சல் பார்வையையும் செவியையும் ஒருசேரப் பறித்துக்கொண்டு போயிற்று. 1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியிலிருந்து ஆனி சல்லிவன் என்ற இருபது வயது ஆசிரியை வந்து சேர்ந்தார். அவர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பெண். அநாதையாக ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். கண்நோயால் பார்வை மங்கி, அறுவைச் சிகிச்சையால் ஓரளவு மீண்டவர். அவருடைய கண்களைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. ஆகையால் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கற்பித்தது விரலெழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் ஒரே கையின் விரல்களால் 26 வடிவங்கள் உண்டு. பேசுபவர் தம் விரல்களை மடக்கியும் நீட்டியும் எழுத்து எழுத்தாகக் காட்ட, ஹெலன் அந்தக் கையைத் தன் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டு உணர்ந்துகொள்வாள். எழுத்துகள் சொல்லாகும், சொற்கள் வாக்கியமாகும். ஹெலன் பிறகு புள்ளியெழுத்தாகிய பிரெய்லையும் கற்றாள், தட்டச்சும் கற்றாள். 1890-ஆம் ஆண்டு முதல் வாய் திறந்து பேசவும் முயன்றாள். அந்தப் பேச்சு கடைசிவரை தெளிவாக அமையவில்லை.

சிறுமியாக இருந்தபோது அவளை வெல்லஸ்லி என்ற பெண்கள் கல்லூரியைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். அங்கே அவள், தானும் ஒரு நாள் கல்லூரிக்குப் போவேன், ஆனால் ஹார்வர்டுக்குத்தான் போவேன் என்று அறிவித்து எல்லாரையும் திகைக்க வைத்தாளாம்! வெல்லஸ்லிக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்டதற்கு, இங்கே பெண்கள் மட்டும்தானே இருக்கிறார்கள் என்று பதில் சொன்னாளாம். பெண்கள் பள்ளியில் படிக்கும் எங்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசிப்பு அறை என்பதையும் மறந்துவிட்டோம்.

ஹார்வர்டு அந்நாளில் ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டுக்கு அருகிலேயே, 1879-ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஒரு கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. 1894-இல் அது ராட்கிளிஃப் கல்லூரி என்ற பெயரும் பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது. ஹார்வர்டு பேராசிரியர்களே வந்து அதே பாடங்களை இங்கே பெண்களுக்குத் தனியாக நடத்துவார்கள். நுழைவுத் தேர்வும் ஹார்வர்டுக்கு ஏற்ற கடினத்துடன் இருக்கும். ஹார்வர்டுக்குப் போவேன் என்ற சிறுமியின் பேச்சு, வளர்ந்த பெண்ணிடம் ராட்கிளிஃப் என்ற தீர்மானமாக மாறியது.

ராட்கிளிஃப் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வதற்கென்றே கேம்பிரிட்ஜில் இளம் பெண்களுக்கான பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஆர்தர் கில்மன். ராட்கிளிஃப் தோன்றுவதற்கு முதல் முயற்சி எடுத்தவர்களில் ஒருவர். 1896-ஆம் ஆண்டு அக்டோபரில், பதினாறு வயது ஹெலன் அங்கே சேர்ந்தார். அந்த ஆண்டு கோடையில்தான் அவர் தந்தை இறந்திருந்தார். படிப்புச் செலவுக்குக் கையில் பணமில்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் செல்வந்த நண்பர் ரோஜர்ஸின் மனைவிக்குக் கடிதம் எழுதி, இப்பெண்ணின் படிப்பு பணமின்மையால் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். ரோஜர்ஸ் குடும்பமும் மற்ற நண்பர்களும் உதவினார்கள்.

கேம்பிரிட்ஜ் பள்ளியின் அந்த முதல் ஆண்டைப் பற்றிப் படித்தபோது எங்கள் மனம் நிறைந்தது. பார்வையும் செவியும் உள்ள, தம் வயதையொத்த பெண்களோடு ஹெலன் ஒரே வீட்டில் தங்கியது அதுவே முதல் முறை. அவர்களோடு நெடுந்தூரம் நடந்தார். பனியில் உருண்டு விளையாடினார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் கண்ணாமூச்சியில்கூடச் சேர்ந்துகொண்டார்! சில மாணவியர் விரலெழுத்தைப் பழகிக்கொண்டு அவரோடு நேராகவே பேசினர். கில்மனும் ஜெர்மன் மொழி ஆசிரியையும் கற்பிக்கும் பொருட்டே அதைக் கற்றுக்கொண்டனர். தங்கை மில்ட்ரெடும் வந்து சேர்ந்தாள். 1897-ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை நடந்த முதற்கட்ட நுழைவுத் தேர்வில் ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம், கிரேக்க ரோமானிய வரலாறு அனைத்திலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதியும் கிடைத்தது. அப்போதும் தனி அறையில்தான் தேர்வு எழுதினார். அவர் தட்டச்சுப் பொறியின் ஓசை மற்றப் பெண்களுக்கு இடையூறாக இருக்குமே என்ற எண்ணம்.

படிப்பும் தோழமையும் ஒன்றாகக் கூடிவந்த அந்த இடத்தில் அவரால் நெடுநாள் இருக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டில் கணிதம் வந்தது. பிரெய்ல் புத்தகங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கரும்பலகையில் வரையும் வடிவங்களை அவர் எவ்வாறு அறிவார்? நுனி வளைந்த கம்பிகளை ஒரு மெத்தை அணையில் குத்திக் குத்தி, முக்கோணத்தையும் வட்டத்தையும் தாமே அமைத்துத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மூலைக்கும் என்ன எழுத்து, எது கொடுக்கப்பட்டது, எதை நிறுவ வேண்டும் என்பதையெல்லாம் மனத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நவம்பரில் உடல் நலம் குன்றியது. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார், இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும் என்றார் கில்மன். அவ்வளவு காலம் தேவையில்லை என்றார் ஆனி சல்லிவன். இருவருக்கும் பிணக்கு முற்றி, ஆசிரியையையும் மாணவியையும் பிரித்துவிடும் நிலை வரையில் போயிற்று. தாய் விரைந்து வந்து, மகள்கள் இருவரையும் டிசம்பரில் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. கில்மன் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகவும் எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் பனியில் கூடி விளையாடிய தோழியர் கூட்டம் அத்துடன் கலைந்தது.

பிறகு மெர்ட்டன் கீத் என்ற தனி ஆசிரியர் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். வகுப்பென்றால் ஹெலன், ஆனி, கீத் ஆகிய மூவர்தான். 1899-ஆம் ஆண்டு ஜூன் 29, 30 தேதிகளில் இறுதி நுழைவுத் தேர்வு. இம்முறை ஆனி சல்லிவன் கேள்வித்தாளை வாசித்துச் சொல்லக் கல்லூரி அனுமதிக்கவில்லை. அவர் விடைகளையும் சொல்லிக் கொடுத்துவிடக் கூடும் என்ற ஐயத்துக்கே இடமிருக்கக் கூடாது அல்லவா? பெர்க்கின்ஸ் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேள்விகளை அமெரிக்கப் பிரெய்லில் எழுதிக் கொடுத்தார். அவர் ஹெலனுக்கு முன்பின் தெரியாதவர், விரலெழுத்தும் அறியாதவர்.

மொழிப் பாடங்களில் தொல்லை இல்லை. கணிதத்தில்தான் இடி விழுந்தது. அல்ஜீப்ராவை ஹெலன் கற்றது ஆங்கிலேயப் பிரெய்ல் குறிகளில். அமெரிக்க முறையில் அக்குறிகள் வேறு. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர்தான் இது தெரிய வந்தது! உடனே எழுதி, குறிகளின் பட்டியலை வரவழைத்தார். தேர்வுக்கு முந்திய இரவிலும் அடைப்புக்குறி எது, மூலக்குறி எது என்று தடவித் தடவி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் வினாத்தாளின் முதல் பக்கம் சற்று மாறியிருந்தாலே கை நடுங்குகிறது. அவருக்கோ கணக்கின் எழுத்தே மாறியிருந்தது. அப்படியும் தேறினார்.

தேறியும் கதவு உடனே திறக்கவில்லை. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு இந்தப் பெண்ணால் தாங்கக் கூடியதா என்று ராட்கிளிஃப் பொறுப்பாளர்கள் தயங்கினர். பட்டத்தை நாடாமல், விருப்பமான சில பாடங்களை மட்டும் படிக்கலாமே என்ற யோசனை வந்தது. ஹெலன் மேலும் ஓராண்டு வீட்டிலிருந்தே கீத்திடம் படித்தார். இதற்கிடையில் கார்னெல் பல்கலைக்கழகமும் சிக்காகோ பல்கலைக்கழகமும் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தன.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசினோம். வேண்டும் என்று கை நீட்டி அழைக்கும் இடங்கள் இரண்டு. தயங்கித் தயங்கி நிற்கும் இடம் ஒன்று. எங்களில் எவரானாலும் அழைத்த இடத்துக்கே போயிருப்போம். நம் அப்பா அம்மாவும் அதைத்தானே சொல்வார்கள்! ஹெலன் மறுத்தார். 1900-ஆம் ஆண்டு மே மாதம் ராட்கிளிஃபின் கல்விக் குழுத் தலைவருக்கு முறைப்படி கடிதம் எழுதி, முழுப் பட்டப் படிப்பில் சேர அனுமதி வேண்டினார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன், ராட்கிளிஃபை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை அவரைக் கேட்டாராம். அங்கே என்னை வேண்டாம் என்றார்கள், நானோ பிறவியிலேயே பிடிவாதக்காரி, அதனால்தான் என்ற பொருளில் ஹெலன் விடையளித்தார். வேடிக்கையாகச் சொன்ன விடைதான். ஆனாலும் அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. பார்வையும் செவியும் உள்ள பெண்களை எந்த அளவுகோலால் அளக்கிறார்களோ, அதே அளவுகோலால் தம்மையும் அளக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். இரக்கப்பட்டுக் கொடுக்கும் பட்டம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

1900-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹெலன் ராட்கிளிஃப் மாணவி ஆனார். கல்லூரி என்பது ஞானிகள் உலவும் புனிதத் தலம் என்று அவர் கற்பனை செய்து வைத்திருந்தார். சில வாரங்களிலேயே அந்தக் கற்பனை கலைந்துவிட்டது. அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. உட்கார்ந்து யோசிக்க மட்டும் நேரம் இல்லை என்று அவரே பிறகு வருந்தி எழுதினார். பிரெஞ்சு, ஜெர்மன், வரலாறு, ஆங்கிலக் கட்டுரை, ஆங்கில இலக்கியம் ஆகியவை முதலாண்டுப் பாடங்கள்.

வகுப்பில் அவர் படித்த முறையைக் கேளுங்கள். பேராசிரியர் பேசிக்கொண்டே போவார். பக்கத்தில் உட்கார்ந்த ஆனி அதைக் காதில் வாங்கி, ஹெலனின் கைக்குள் மளமளவென்று எழுத்துக் கூட்டிக்கொண்டே வருவார். கை கேட்டுக்கொண்டிருக்கும்போது அதே கை குறிப்பெடுக்க முடியுமா? வீட்டுக்குத் திரும்பிய பிறகு, நினைவில் நின்றவற்றைத் தட்டச்சில் பதித்துக்கொள்வார். புத்தகங்களில் பெரும்பாலானவை பிரெய்லில் கிடையாது. நல்லெண்ணம் கொண்ட நண்பர்கள் சில நூல்களைப் பிரெய்லில் ஆக்கித் தந்தார்கள். மற்றவற்றையெல்லாம் ஆனிதான் வாசித்து, கைக்குள் எழுத வேண்டும். மற்ற மாணவியர் ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கும் பாடத்துக்கு இவருக்கு எத்தனையோ மணி நேரம் பிடிக்கும். வெளியே தோழியர் சிரித்து விளையாடிக்கொண்டிருக்க, தாம் மட்டும் உள்ளே உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பொழுதுகளில் உள்ளம் கொதித்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஒளிவின்மைக்காகவே எங்களுக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

தோழியர் எப்படி நடந்துகொண்டார்கள்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முதலாண்டிலேயே ஹெலனை வகுப்பின் துணைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு நாய்க்குட்டியைப் பரிசாக அளித்தார்கள். அதற்கு ஃபிஸ் என்று பெயரிட்டு ஹெலன் அன்போடு வளர்த்தார். அன்பு இல்லாமலில்லை, மொழிதான் இல்லை. கேம்பிரிட்ஜ் பள்ளித் தோழியர் போல் விரலெழுத்தைப் பழகிக்கொண்டவர் கல்லூரியில் மிக அரிது. ஆதலால் எந்தப் பேச்சும் ஆனியின் கை வழியாகவே வர வேண்டும். ஒருத்தி ஒரு நகைச்சுவை சொல்வாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகே அது ஹெலனின் உள்ளங்கைக்கு வந்து சேரும். சற்று நேரத்தில் பேச்சு தேய்ந்து நின்றுவிடும். அவர் கல்லூரி விடுதியிலும் இருக்கவில்லை. ஆனியோடு கேம்பிரிட்ஜில் தனி வீடு எடுத்துத் தங்கியிருந்தார். மாலையில் மற்றவர்கள் ஒன்றாக விடுதிக்குத் திரும்ப, இவர்கள் இருவர் மட்டும் வேறு திசையில் நடப்பார்கள். வகுப்புத் தோழி ஒருத்தி பிரெய்ல் எழுதக் கற்றுக்கொண்டு, கவிதைத் தொகுதி ஒன்றை முழுவதும் அவருக்காகப் பிரெய்லில் எழுதிக் கொடுத்தாள். அதுவும் படிப்பு முடியப்போகும் தறுவாயில்தான் நடந்தது. பிறகு அவர்கள் சந்திக்கவேயில்லை.

ஆயினும் ராட்கிளிஃப் அவருக்குக் கொடுத்த ஒன்றை வேறெந்தக் கல்லூரியும் கொடுத்திருக்குமா என்பது ஐயமே. ஆங்கிலக் கட்டுரை வகுப்பை நடத்தியவர் சார்லஸ் டவுன்செண்டு கோப்லண்டு என்ற பேராசிரியர். ஹெலன் அதுவரையில் தாம் புத்தகங்களில் படித்த அழகுகளையே திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். பதினொரு வயதில் எழுதிய கதையொன்று, முன்பு எப்போதோ கையில் வாசித்துக் காட்டப்பட்ட வேறொரு கதையின் சாயலில் அமைந்துவிட, திருட்டுப் பழி சுமத்தப்பட்டு அழுதவர் அவர். தம் சொல் எது, பிறர் சொல் எது என்ற அச்சம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை. கோப்லண்டு அவருக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. உமது அனுபவத்தை எழுதும், உமக்குத் தெரிந்த உலகத்தை எழுதும் என்று தூண்டினார். தொடுதலாலும் மணத்தாலும் அதிர்வாலும் அறிந்த உலகம் ஹெலனின் கட்டுரைகளில் வரத் தொடங்கியது. அக்கட்டுரைகளே வளர்ந்து, 1902-இல் ஒரு மாத இதழில் தொடராக வெளிவந்து, 1903-இல் அவருடைய தன்வரலாறாக நூல் வடிவம் பெற்றன. அப்போது அவர் இன்னும் கல்லூரி மாணவி! அந்த நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. சிறு வகுப்பில் நாங்கள் படித்த குழாயடிக் கதைக்கும் அதுவே மூலம்.

இனி அந்தக் கண்களுக்கு வருவோம். நாள்தோறும் மணிக்கணக்கில் பாடநூல்களையும் அகராதிகளையும் வாசித்து வாசித்து, ஆனி சல்லிவனின் பார்வை மேலும் கெட்டது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும்படி மருத்துவர் எச்சரித்தார். ஓய்வு கொடுத்தால் ஹெலனின் படிப்பு நின்றுவிடுமே! ஏதாவது பகுதியை மறுபடியும் வாசிக்கட்டுமா என்று ஆனி கேட்கும்போதெல்லாம், வேண்டாம், நன்றாக நினைவிருக்கிறது என்று ஹெலன் பொய் சொல்லிவிடுவார். உண்மையில் அந்தப் பகுதி நினைவிலிருந்து நழுவிப் போயிருக்கும். பொய் சொல்லக் கூடாது என்று சகோதரிகள் எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பொய்யை என்ன செய்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

1904-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பட்டமளிப்பு விழா. முந்திய நாள்தான் ஹெலனுக்கு 24 வயது நிறைந்திருந்தது. தாய்க்கு உடல் நலமில்லை, வர முடியவில்லை. கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து, ஆனி கையைப் பிடித்து அழைத்துச் செல்ல, மேடையேறிச் சிறப்புத் தகுதியுடன் இளங்கலைப் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இல்லாத ஒருவர் இளங்கலைப் பட்டம் பெற்றது உலகில் அதுவே முதல் முறை. அருகிலேயே நின்ற ஆனிக்குப் பட்டம் இல்லை. அந்நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு விரிவுரையையும் கேட்டவர், ஒவ்வொரு நூலையும் வாசித்தவர், எந்தக் கல்லூரியிலும் சேர்ந்து படித்தவர் அல்லர்.

ராட்கிளிஃப் சரியான தேர்வுதானா? எங்கள் மூவருக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. சிக்காகோவுக்கே போயிருக்கலாம், அன்போடு அழைத்த இடத்தில் சுமை குறைந்திருக்கும் என்பது எங்களில் ஒருத்தியின் கட்சி. அப்படிப் போயிருந்தால், சலுகையில் வாங்கிய பட்டம் என்று ஊர் பேசியிருக்கும்; அந்த வாயை ராட்கிளிஃபின் வினாத்தாள்கள் அடைத்துவிட்டன என்பது இன்னொருத்தியின் கட்சி. மூன்றாமவள் கேட்டது வேறு. ஹெலன் தம் கல்லூரியைத் தாமே தேர்ந்தெடுத்தார், சரி; அதற்கு விலையாகப் போனது ஆனியின் கண்கள் அல்லவா? இதற்கு மற்ற இருவரிடமும் பதில் இல்லை. கல்விக் கடனுக்காக எங்கள் வீடுகளில் அடகுக்குப் போகக் காத்திருக்கும் வளையல்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

தோழமை என்ற கணக்கில் பார்த்தால் கல்லூரி ஹெலனுக்குப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பள்ளியில் ஒரே ஆண்டில் கிடைத்தது, இங்கே நான்கு ஆண்டுகளிலும் கிடைக்கவில்லை. இரண்டு இடங்களிலும் பெண்கள் நல்லவர்களே. அங்கே சிலர் இருபத்தாறு விரல் வடிவங்களைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கினார்கள். இங்கே அநேகருக்கு நேரம் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எங்களுக்குப் படுகிறது.

பட்டம் பெற்ற பின் ஹெலன் பார்வையற்றோருக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைக்கும் மக்களுக்காகவும் எழுதினார், பேசினார். 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்துக்காக நிதி திரட்டினார். உலக நாடுகள் பலவற்றுக்கும் சென்றார். 1955-இல் நம் இந்தியாவுக்கும் வந்தார். ஆனி சல்லிவனுக்குப் பட்டம் ஒருவழியாக 1932-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. டெம்பிள் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. முன்பு ஒருமுறை அளிக்க வந்தபோது, தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவர் மறுத்திருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட நிலையில், 1936-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அவர் காலமானார். ஹெலன் 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் வரை வாழ்ந்தார்.

1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஹெலன் கெல்லருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. ஹார்வர்டின் கௌரவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. வெல்லஸ்லியில் அந்தச் சிறுமி சொன்ன சொல் எழுபத்து நான்கு வயதில் பலித்தது! ஐந்து ஆண்டுகள் கழித்து, 1960-இல், ராட்கிளிஃப் கல்லூரி தன் வளாகத்தில் ஹெலன் பெயரால் ஒரு பூந்தோட்டம் அமைத்தது. அதன் நடுவே ஒரு நீரூற்று. அதற்கு ஆனி சல்லிவனின் பெயர். விழாவுக்கு வந்திருந்த ஹெலன் கெல்லருக்கு அப்போது எண்பது வயது. பழக்கமற்றவர்களுக்குப் புரியாத அந்தக் குரலில், நீரூற்றின் முன் நின்று, தண்ணீர் என்ற ஒரே சொல்லைச் சொன்னார்.